ஹார்டி ஏன் நாவல் எழுதுவதை நிறுத்தினார்?

வைகைக்கரை

தாமஸ் ஹார்டியை ஊன்றிப் படித்தவர்கள் இங்கே சிலர் உண்டு என்பதால் கேட்கிறேன்.

1895 நவம்பரில் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ புத்தகமாக வந்தபோது அவருக்கு 55 வயது. அன்றைக்கு இங்கிலாந்தில் உயிரோடிருந்த நாவலாசிரியர்களில் அவர் பெயர் முன்வரிசையில் இருந்தது. அதற்கப்புறம் 32 ஆண்டுகள் வாழ்ந்தார், 1928 ஜனவரி 11 அன்று இறந்தார். அத்தனை ஆண்டுகளில் புதிதாக ஒரு நாவல்கூட எழுதவில்லை. நல்ல உடல்நலம், பெயர், காத்திருக்கும் பதிப்பாளர்கள் எல்லாம் இருந்தும் எழுதவில்லை.

கல்லூரிப் பாட உரைகளில் பார்த்ததெல்லாம் ஒரே விளக்கம்தான்: ‘ஜூட்’டைத் திட்டித் தீர்த்தார்கள், மனம் நொந்து விட்டுவிட்டார். எனக்கு இது போதவில்லை. நான்கு வருடம் முன்னால் வந்த ‘டெஸ்’ நாவலுக்கும்தான் வசவு விழுந்தது. அப்போது விடவில்லையே? 25 வருடம் செய்த வேலையை ஒருவர் வசவுக்குப் பயந்தா விடுவார்?

டீச்சரம்மா

வைகைக்கரை தம்பி, அந்த வசவு எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான் நீண்ட காலம் ஹார்டியைப் பாடமாக நடத்தியவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

‘ஜூட்’ ஒரு கல்தச்சனின் கதை. ஏழைப் பையன். தானாகவே லத்தீனும் கிரேக்கமும் படிக்கிறான், கிறைஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது அவன் கனவு. கிறைஸ்ட்மின்ஸ்டர் என்றால் ஆக்ஸ்ஃபோர்டுதான். அங்கே ஒரு கல்லூரித் தலைவர், நீ உன் தொழிலையே பார் என்று கடிதம் எழுதி அவனைத் தட்டிக்கழிக்கிறார். இன்னொரு பக்கம், பொருந்தாத கல்யாணத்திலிருந்து விலகி, சூ என்கிற பெண்ணோடு மணமாகாமலே வாழ்கிறான். அவர்களுடைய குழந்தைகளுக்கு நேரும் முடிவை இங்கே எழுதப் போவதில்லை. படிக்காதவர்கள் நாவலிலேயே படிக்கட்டும்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் கல்யாணம், சர்ச், பல்கலைக்கழகம் மூன்றையும் ஒரே புத்தகத்தில் கேள்வி கேட்டால் என்ன நடக்கும்? ‘பால் மால் கெசட்’ அதை ‘ஆபாச ஜூட்’ என்று தலைப்பிட்டே எழுதியது. நாவலாசிரியை மார்கரெட் ஓலிஃபன்ட், ஹார்டி திருமணத்துக்கு எதிராகச் சங்கம் நடத்துகிறார் என்கிற தொனியில் 1896 ஜனவரியில் நீண்ட கட்டுரை எழுதினார். வேக்ஃபீல்டு பிஷப், புத்தகத்தை நெருப்பில் போட்டுவிட்டதாகப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார். டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனத்தின் வாடகை நூலகத்திலிருந்தும் புத்தகம் போனது.

இனி அவர் வாயாலேயே கேளுங்கள். 1912-ல் ‘ஜூட்’ முன்னுரைக்குப் பின்குறிப்பு சேர்த்தபோது, இந்த அனுபவம் நாவல் எழுதும் ஆசையிலிருந்து தன்னை முழுசாகக் குணப்படுத்திவிட்டது என்று எழுதினார். பிஷப் புத்தகத்தை எரித்தது ஆசிரியரை எரிக்க முடியாத ஏமாற்றத்தில்தான் இருக்கும் என்றும் அதே இடத்தில் சொல்கிறார். 17 வருடம் கழித்தும் அந்தக் காயம் ஆறவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கல்தச்சன்

டீச்சர் சொன்ன பின்குறிப்பு முக்கியமானதுதான். ஆனால் அது 71 வயது மனிதர் தன் கதையைத் தானே சொல்லும் விதம். ஹார்டி அந்த விஷயத்தில் கவனமானவர். அவர் இறந்த பிறகு இரண்டாம் மனைவி ஃப்ளாரன்ஸ் பெயரில் 1928-லும் 1930-லும் இரண்டு பாகமாக வந்த வாழ்க்கை வரலாற்றில் பெரும்பகுதியை எழுதியது அவரேதான், படர்க்கையில். மூலக் குறிப்புகள், கடிதங்கள் பலவற்றை எரித்தும்விட்டார். உலகம் தன்னை எப்படி நினைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் போன ஆள். அதனால் அவர் சொன்ன காரணத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன்.

நான் கட்டடத் துறையில் இருப்பவன். ஹார்டியிடம் என்னை இழுத்ததே அவருடைய முதல் தொழில்தான். 1840 ஜூன் 2 அன்று டோர்செட்டில் ஹையர் பாக்ஹாம்ப்டன் என்கிற சிற்றூரில் பிறந்தார். அப்பா கொத்தனார், சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்பவர், ஊர் சர்ச்சில் வயலின் வாசிக்கிற குடும்பம். அம்மா ஜெமைமா கல்யாணத்துக்கு முன் பெரிய வீடுகளில் சமையல் வேலை பார்த்தவர், ஆனால் படிப்பில் கொள்ளை ஆசை. பையனை 16 வயதில் டார்செஸ்டரில் ஜான் ஹிக்ஸ் என்ற கட்டடக் கலைஞரிடம் வேலை பழக விட்டார்கள். காலையில் எழுந்து கிரேக்கம் படித்துவிட்டு வேலைக்குப் போவான். பல்கலைக்கழகம் எட்டாக்கனி. ‘ஜூட்’ எங்கிருந்து வந்தான் என்று புரிகிறதல்லவா?

1862-ல் லண்டன் போய் ஆர்தர் பிளாம்ஃபீல்டிடம் சேர்ந்தார். அங்கே அவருக்கு வந்த ஒரு வேலை, பழைய செயின்ட் பான்கிராஸ் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ரயில் பாதை போடுவதற்காகப் பிணங்களைத் தோண்டி எடுப்பதை இரவில் மேற்பார்வை பார்ப்பது. ஒருநாள் ஒரு சவப்பெட்டி உடைந்தது. உள்ளே ஒரு எலும்புக்கூடும் இரண்டு மண்டை ஓடுகளும் இருந்ததாகப் பின்னால் அவரே நினைவுகூர்கிறார்.

என் வாதத்துக்கு வருகிறேன். அந்த லண்டன் அறையில் 1860-களில் அவர் எழுதிக்கொண்டிருந்தது நாவல் இல்லை, கவிதை. பத்திரிகைகளுக்கு அனுப்பினார், ஒன்றும் பிரசுரமாகவில்லை. கவிதையால் சாப்பிட முடியாது என்று தெரிந்த பிறகுதான் நாவல் பக்கம் திரும்பினார். 1898-ல், 58 வயதில், முதல் கவிதைத் தொகுப்பு ‘வெசெக்ஸ் போயம்ஸ்’ வந்தபோது 1860-களில் எழுதிய கவிதைகளும் அதில் இருந்தன. படங்களும் அவரே வரைந்தவை. 30 வருடம் பெட்டியில் வைத்திருந்தார்! 900-க்கும் மேற்பட்ட கவிதைகள் எழுதியிருக்கிறார். அவர் எதையும் நிறுத்தவில்லை, ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பினார் என்பதே என் கட்சி.

மேல்மாடி

கல்தச்சன் சொல்வதற்குப் பண விவரமும் ஒத்துப்போகிறது.

முதலில் அச்சான நாவல் ‘டெஸ்பரேட் ரெமெடீஸ்’, 1871. அதற்குப் பதிப்பாளரிடம் 75 பவுண்டு தன் கையிலிருந்து கட்டினார். ‘அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ’யின் உரிமையை 1872-ல் 30 பவுண்டுக்கு மொத்தமாக விற்றார். 1874-ல் ‘ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்’ தொடராக வந்தபோது ‘கார்ன்ஹில்’ பத்திரிகை 400 பவுண்டு தந்தது. அதே வருடம்தான் கல்யாணமும்.

அடுத்தது 1891. அதுவரை ஆங்கிலேய எழுத்தாளர் புத்தகத்தை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ஒரு சல்லிக் காசு தர வேண்டாம். அந்த ஆண்டு ஜூலையில் வெளிநாட்டாருக்கும் பதிப்புரிமை தரும் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் ‘டெஸ்’ வந்தது. சட்டத்தால் முதலில் பலனடைந்த நாவல்களில் அதுவும் ஒன்று. 1895-லிருந்து எல்லா நாவல்களும் ஒரே வரிசையாக மறுபதிப்பு வேறு. ஒரு தலைமுறைக்கு முன்னால் அவருக்கு இல்லாத சுதந்திரம் அப்போது வந்தது. ‘ஜூட்’டும் திட்டு வாங்கிக்கொண்டே நன்றாக விற்றது.

சாரல்

பணம் சரி, கவிதை ஆசையும் சரி. ஆனால் இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பத்திரிகைகள் அவரைப் படுத்திய பாடு. என்னைப் பொறுத்தவரை விமர்சகர்களைவிட ஆசிரியர்குழுக்களே அவரை அலுக்க வைத்தன. ‘டெஸ்’ஸின் கதையைக் கேளுங்கள்.

அன்றைய வழக்கப்படி நாவல் முதலில் பத்திரிகையில் தொடராக வரும், அப்புறம் மூன்று பாகப் புத்தகம். ‘டெஸ்’ஸை முதலில் ஒப்புக்கொண்டவர்கள் போல்டனில் இருந்த டில்லட்சன் நிறுவனத்தார், செய்தித்தாள்களுக்குக் கதை வழங்குபவர்கள். அச்சுப்படியைப் படித்ததும் வெலவெலத்துப்போனார்கள். திருத்தச் சொன்னார்கள், ஹார்டி மறுத்தார், ஒப்பந்தம் ரத்து. அடுத்து இரண்டு மாதப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. கடைசியில் ‘தி கிராஃபிக்’ வாரப் பத்திரிகைக்காகக் கதையை அவரே வெட்ட உட்கார்ந்தார்.

எதையெல்லாம் வெட்டினார்? ஏழைப்பெண் டெஸ்ஸை அலெக் என்கிற பணக்கார இளைஞன் கெடுக்கும் இரவு இல்லை, அதற்குப் பதில் ஒரு போலிக் கல்யாணம். குழந்தை இல்லை. இறக்கும் குழந்தைக்கு டெஸ் நள்ளிரவில் தானே ஞானஸ்நானம் தருகிற அத்தியாயம், நாவலின் உயிரே அதுதான், அது வேறொரு பத்திரிகையில் தனிக்கதையாக வந்தது. வெட்டிய இடங்களையெல்லாம் கையெழுத்துப் பிரதியில் குறித்துவைத்து, புத்தகமாக்கும்போது திரும்பச் சேர்த்தார்.

எனக்கு ஆறாத ஒரு இடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை. மழையில் பாதை மூழ்கிக் கிடக்கிறது. பால்பண்ணைப் பெண்கள் நால்வர் சர்ச்சுக்குப் போகிற உடுப்போடு தண்ணீருக்கு இந்தப் பக்கம் தவிக்கிறார்கள். பின்னால் டெஸ்ஸை மணக்கப்போகும் ஏஞ்சல் கிளேர் ஒவ்வொருத்தியாகத் தூக்கிக்கொண்டுபோய் அக்கரையில் விடுகிறான். முதலில் மேரியன், அப்புறம் இஸ், அப்புறம் ரெட்டி. நால்வருக்குமே அவன்மேல் காதல். ஒவ்வொருத்தியும் தன் முறைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் டெஸ். ஒரு ராகேலுக்காக மூன்று லேயாள்களைச் சுமந்தேன் என்று அவளிடம் சொல்கிறான் (பைபிளில் யாக்கோபு விரும்பியது ராகேலை, முதலில் கட்டிவைத்தது அவள் அக்கா லேயாளை). தொட்டுத் தூக்கும் அந்தச் சில நொடிகளில்தான் நாலு பேருடைய விதியும் தெரிகிறது.

‘தி கிராஃபிக்’ ஆசிரியர், குடும்பப் பத்திரிகைக்கு இது ஆகாது, பெண்களை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்றார். ஹார்டி அப்படியே மாற்றிக் கொடுத்தார். 1891-ல் வாரவாரம் படித்தவர்களுக்குக் கிடைத்தது அந்தத் தள்ளுவண்டிதான்.

இப்படி ஒரு காட்சியை எழுதியவன், அதைத் தன் கையாலேயே சிதைத்துக் கொடுக்க நேர்ந்தால் எத்தனை நாளைக்குத் தாங்குவான்? ‘ஜூட்’டுக்கும் இதே கதைதான். ‘ஹார்ப்பர்ஸ்’ பத்திரிகையில் அது தொடராக வந்தபோதும் வெட்டுதான், ஒட்டுதான்.

வைகைக்கரை

சாரல், அருமை. தள்ளுவண்டி விஷயம் எனக்குப் புதிது. அப்படியென்றால் 1874-லேயே இந்தப் பிரச்சினை இருந்திருக்க வேண்டுமே? ‘கார்ன்ஹில்’ ஆசிரியர் லெஸ்லி ஸ்டீபன், வர்ஜீனியா வுல்ஃபின் அப்பா, பெரிய அறிவாளி. அவருமா?

கல்தச்சன்

அவரும்தான். ஃபேனி ராபின் என்கிற ஏழைப்பெண் ஏமாற்றப்படும் பகுதியை மிகவும் பதமாகக் கையாளச் சொன்னார். கண்ணியமான வாசகர்கள் கோபித்துக்கொள்வார்களாம். ஸ்டீபனே தனிப்பட்ட முறையில் கடவுள் நம்பிக்கையை விட்டவர், அப்படியிருந்தும் சந்தாதாரருக்குப் பயந்தார்.

அப்போது ஹார்டி அவருக்கு எழுதிய பதில்தான் என் வாதத்துக்கே ஆதாரம். பின்னொரு நாள் எனக்குப் பெரிய நோக்கங்கள் வரலாம், இப்போதைக்கு நல்ல தொடர்கதைக்காரன் என்று பேர் எடுத்தால் போதும் என்று எழுதுகிறார். 33 வயதில்! ஆரம்பத்திலேயே நாவலைப் பிழைப்பாகவும், வேறொன்றை இலட்சியமாகவும் பிரித்து வைத்திருந்தார்.

‘தி மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்’ பற்றியும் அவருக்கே குறை இருந்தது. 1886-ல் வாரத் தொடராக வந்தபோது கிட்டத்தட்ட ஒவ்வொரு வாரமும் ஒரு சம்பவம் வைக்க வேண்டியிருந்ததால் நாவலின் கலை கெட்டது என்று நினைத்தார்.

இன்னொரு விவரம். ‘ஜூட்’டுக்குப் பிறகு 1897-ல் ‘தி வெல்-பிலவ்ட்’ புத்தகமாக வந்தது. 1892-ல் தொடராக வந்ததைத் திருத்தி வெளியிட்டார். வெறுத்து ஓடியவர் உட்கார்ந்து பழைய கதையைத் திருத்திக்கொண்டிருப்பாரா?

டீச்சரம்மா

கல்தச்சன் சார், ‘மேயர்’ விஷயத்தில் ஹார்டியோடே சண்டை போடுவேன். குடிவெறியில் சந்தையில் மனைவியையும் குழந்தையையும் ஐந்து கினிக்கு விற்கிறான் ஹென்சர்ட். மறுநாள் தெளிந்ததும் தன் வயது எத்தனையோ அத்தனை ஆண்டுகள், 21 ஆண்டுகள், குடிப்பதில்லை என்று சத்தியம் செய்கிறான், காப்பாற்றியும் காட்டுகிறான். தன்னை யாரும் நினைக்கக்கூடாது என்று அவன் எழுதிவைத்துப் போகும் உயிலை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். சம்பவம் கூடினால் என்ன, மனிதன் முழுசாக நிற்கிறானே!

நீங்கள் எல்லோரும் பணம், பத்திரிகை என்கிறீர்கள். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் பேசவில்லை.

1870 மார்ச்சில் கார்ன்வாலில் செயின்ட் ஜூலியட் சர்ச்சைப் புதுப்பிக்கிற வேலைக்காகப் போனார். கதவைத் திறந்தவர் எம்மா கிஃபோர்ட், பாதிரியாரின் மைத்துனி. காதல். எம்மாவின் அப்பா வக்கீல், கொத்தனார் மகனை மருமகனாக ஏற்க அவருக்கு மனமில்லை. கட்டடத் தொழிலை விட்டுவிட்டு எழுத்தையே நம்பலாம் என்று தைரியம் சொன்னவர் எம்மா. கையெழுத்துப் பிரதிகளை நகலெடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

1895-க்குள் எல்லாம் கசந்துவிட்டது. எம்மா தெய்வபக்தி மிகுந்தவர், ‘ஜூட்’ அவருக்கு அறவே பிடிக்கவில்லை. கணவன் மனைவி பந்தத்தைக் கூண்டு என்று சொல்கிற புத்தகத்தைத் தன் புருஷன் எழுதி ஊரே படித்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் பொறுக்கும்? சில வருடங்களில் மேக்ஸ் கேட் வீட்டின் மாடி அறைகளுக்கு ஒதுங்கிவிட்டார். ஒரே கூரையின் கீழ் இரண்டு வாழ்க்கை. வெளியே பிஷப், உள்ளே மனைவி. இதில் அடுத்த நாவலை எந்த மனதோடு எழுதுவார்? கவிதை என்றால் ஒளித்துக்கொள்ள இடமாவது உண்டு. நாவலில் அது கிடையாது.

சாரல்

டீச்சர், இது எனக்குத் தோன்றாத கோணம். கவிதையில் ஒளிந்துகொள்ளலாம் என்றீர்கள். ஆனால் 1912 நவம்பரில் எம்மா இறந்த பிறகு அவர் எழுதிய கவிதைகளில் ஒளிவே இல்லையே? இறந்தவளின் அறையில் இரண்டு எழுத்துப் பிரதிகள் கிடைத்தன. ஒன்று அவள் இளமை நினைவுகள். மற்றது கணவனைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பது. இரண்டாவதைப் படித்துவிட்டு எரித்தார். 1913 மார்ச்சில், 72 வயதில், செயின்ட் ஜூலியட்டுக்கே திரும்பிப் போய்ப் பழைய பாதைகளில் நடந்தார். அந்தக் கவிதைகள்தான் 1914 தொகுப்பில் வந்தன. ‘தி வாய்ஸ்’ கவிதையில், நீ முதலில் பார்த்தபோது நான் இருந்தது போலவே மாறிவிட்டேன் என்று செத்தவள் கூப்பிடுகிறாள்.

உயிரோடிருந்தபோது பேசாத பேச்சையெல்லாம் பேசுகிறார். இவ்வளவு கவிதை எழுதியவரில் உச்சம் இதுதான் என்பேன். அந்தத் தொகுப்பு வந்த அதே வருடம் பிப்ரவரியில், தன்னைவிடக் கிட்டத்தட்ட 40 வயது இளையவரான ஃப்ளாரன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டிய உண்மை. ஃப்ளாரன்ஸுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்.

மேல்மாடி

டெஸ் தூக்கிலிடப்படும் முடிவு எங்கிருந்து வந்தது என்று ஒரு தகவல். 1856-ல் டார்செஸ்டர் சிறை வாசலில் மார்த்தா பிரவுன் என்கிற பெண்ணைத் தூக்கிலிட்டார்கள், கணவனைக் கொன்ற வழக்கு. கூட்டத்தில் 16 வயது ஹார்டி இருந்தார். மழைத் தூறலில் அவளுடைய கறுப்புப் பட்டு அங்கி உடம்போடு ஒட்டியிருந்ததை 80 வயது தாண்டியும் மறக்கவில்லை.

புதுவரவு

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். ஜூட்டைத் தட்டிக்கழித்த பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினீர்களே, கடைசிவரை ஹார்டியை அந்த உலகம் ஏற்றுக்கொண்டதா இல்லையா?

கல்தச்சன்

ஏற்றுக்கொண்டது, நன்றாகவே. 1910-ல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்கிற உயரிய விருது கிடைத்தது. கேம்பிரிட்ஜில் மாக்டலின் கல்லூரியும் ஆக்ஸ்ஃபோர்டில் குவீன்ஸ் கல்லூரியும் கௌரவ உறுப்பினராக்கின. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போனது, கிடைக்கவில்லை.

இறந்ததும் வேறொரு இழுபறி. ஸ்டின்ஸ்ஃபோர்டில், பெற்றோரும் எம்மாவும் இருக்கிற இடத்தில் புதைக்க வேண்டும் என்று உயிலில் இருந்தது. நண்பர்கள், நாட்டின் பெரிய மனிதர்களை அடக்கம் செய்யும் லண்டன் தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேதான் என்று நின்றார்கள். கடைசியில் இதயத்தை எடுத்து ஸ்டின்ஸ்ஃபோர்டில் எம்மாவோடு அடக்கம் செய்தார்கள், சாம்பல் அபேக்குப் போனது. அங்கே பேழைத் துணியைப் பிடித்து நடந்தவர்களில் பிரதமர் பால்ட்வின், எதிர்க்கட்சித் தலைவர் மெக்டானல்டு, எழுத்தாளர்கள் கிப்ளிங், ஷா, ஹவுஸ்மன் ஆகியோர் இருந்தார்கள். கூடவே அந்த ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் தலைவர்கள் இருவரும். ஜூட்டுக்குக் கதவைச் சாத்திய அதே உலகம்.

டீச்சரம்மா

அந்த ஊர்வலம் மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் உயிலில் கேட்டதைக்கூட அந்த மனிதருக்கு முழுசாகத் தரவில்லை என்பது எனக்கு இன்னும் கோபம்தான்.

தம்பி கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் மாறவில்லை. கவிதை ஆசை 1860-களிலிருந்தே இருந்தது, பணம் 1891-க்குப் பிறகு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவையெல்லாம் வழியைத் திறந்துவிட்டன, அவ்வளவுதான். வெளியே தள்ளியது காயம். ‘ஜூட்’டை நல்லபடியாக வரவேற்றிருந்தால் இன்னும் இரண்டு நாவலாவது கிடைத்திருக்கும் என்று முழுசாக நம்புகிறேன்.

சாரல்

நான் டீச்சரோடு பாதி வழி வருவேன். காயம்தான், ஆனால் கொடுத்தது பிஷப் இல்லை. தள்ளுவண்டி கேட்டவர்கள்.

புதுவரவு

நன்றி. கடைசியாக ஒரு உதவி: ஹார்டியை இதுவரை படித்ததே இல்லை. எதில் தொடங்குவது?

வைகைக்கரை

‘மேயர்’. ஆங்கிலம் ஓரளவு எளிது, முதல் அத்தியாயத்திலேயே ஏலம் நடந்துவிடும், கீழே வைக்க முடியாது. அப்புறம் ‘டெஸ்’, அதற்குப் பிறகு 1912–13 எம்மா கவிதைகள். ‘ஜூட்’டைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் எடுத்தால் மற்றதைத் தொடவே மனம் வராது.